திடலில் கூட்டம் ஏன் கூடுகிறது? ஏன் குறைகிறது?

தென்காசி மாவட்டத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் புளியங்குடி. எலுமிச்சை வியாபாரத்திற்குப் பெயர் பெற்றது. அந்தப் பக்கத்து ஊர்களில் பொங்கல் வந்தாலும், கோயில் கொடை வந்தாலும், கபடிப் போட்டி இல்லாமல் விழா நிறைவு பெறுவதில்லை. திடலைச் செப்பனிட்டு, சுண்ணாம்புக் கோடு போட்டு, நான்கு பக்கமும் விளக்குக் கட்டி, ஒலிபெருக்கி வைத்துவிட்டால் போதும். ஊரே திரண்டுவிடும்.

ஆனால் எல்லா நாளும் திரண்டுவிடுமா? அதுதான் இல்லை. ஒரு நாள் மரக்கிளையிலும் மொட்டை மாடியிலும்கூட இடம் இருக்காது. அடுத்த நாள் அதே திடல், அதே விளக்கு, அதே ஒலிபெருக்கி. ஆனால் முன் வரிசையே நிரம்பாது. இது ஏன்?

ஒரு விழாக் குழுவை மனத்தில் வைத்துக் கொள்வோம். அவர்கள் இந்த ஆண்டு பெண்கள் கபடியும் ஆண்கள் கபடியும் நடத்தினார்கள். பெண்கள் ஆட்டத்தைப் பார்க்க நூறு பேர்கூட வரவில்லை. ஆண்கள் ஆட்டத்திற்குத் திடல் நிரம்பியது. போட்டி முடிந்ததும் குழுவில் ஒருவர், "பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது என்று தெரிந்துவிட்டது. அடுத்த வருஷம் அதை விட்டுவிடலாம்" என்கிறார். மற்றவர்களும் தலையாட்டுகிறார்கள்.

அவர் சொன்னது சரியான முடிவா? இந்தக் கேள்வியைக் கட்டுரை முழுவதும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். கடைசியில் நீங்களே தீர்ப்புக் கூற வேண்டும்.

கூட்டத்தை எண்ணுவது எப்படி?

காரணத்தைத் தேடுமுன் அளவைத் தெரிந்துகொள்ள வேண்டும். "பயங்கரக் கூட்டம்", "சுமாரான கூட்டம்" என்பவை அளவுகள் அல்ல. ஒரே கூட்டத்தைப் பார்த்து ஒருவர் ஐயாயிரம் என்பார். இன்னொருவர் ஆயிரம் என்பார்.

1960களில் அமெரிக்காவின் பெர்க்லி நகரில் ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற இதழியல் பேராசிரியர் இருந்தார். அவருடைய அறையின் சன்னல் வழியே பார்த்தால் மாணவர்கள் கூடும் திடல் தெரியும். அந்தத் திடலின் தளம் கட்டம் கட்டமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு கட்டத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணி, அதைக் கட்டங்களின் எண்ணிக்கையால் பெருக்கினால் மொத்தக் கூட்டமும் கிடைத்துவிடும் என்று அவர் கண்டார். இன்றும் இம்முறை பயன்படுகிறது. பரப்பளவு × ஒரு சதுர மீட்டரில் உள்ளோர் எண்ணிக்கை = கூட்டம். அவ்வளவுதான்!

இதைக் கபடித் திடலுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆடவர் கபடிக் களம் 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் கொண்டது. கோட்டிலிருந்து நான்கு புறமும் 4 மீட்டர் இடம் விட்டுக் கயிறு கட்டுவதாக வைத்துக் கொள்வோம். கயிற்றின் நீளம் 21 மீட்டர். அகலம் 18 மீட்டர். சுற்றளவு 78 மீட்டர். ஒருவர் உட்கார அரை மீட்டர் இடம் வேண்டுமென்றால், முதல் வரிசையில் 156 பேர் அமரலாம்.

அடுத்த வரிசை 80 சென்டிமீட்டர் பின்னால் அமைகிறது. இதனால் நீளமும் அகலமும் தலா 1.6 மீட்டர் கூடுகின்றன. சுற்றளவு 6.4 மீட்டர் கூடுகிறது. ஆகவே ஒவ்வொரு வரிசையிலும் முந்தியதைவிடச் சுமார் 13 பேர் அதிகம். பத்து வரிசைகளைக் கூட்டிப் பாருங்கள்: 1,560 + 585 = 2,145 பேர். நடுவர் மேசைக்கும், அணியினர் அமரும் இடத்திற்கும், நடைபாதைக்கும் கொஞ்சம் கழித்தால் ஏறத்தாழ 1,900 பேர்.

"பத்து வரிசையோடு ஏன் நிறுத்த வேண்டும்? முப்பது வரிசை வைக்கலாமே!" என்று கேட்பீர்கள். வைக்கலாம், ஆனால் பின்னால் இருப்பவருக்கு ஆட்டம் தெரிய வேண்டுமே! நம் கண்ணுக்கு மேலே உச்சந்தலை சுமார் 12 சென்டிமீட்டர் உயரம் இருக்கிறது. முன்னால் இருப்பவருடைய தலையைத் தாண்டிப் பார்க்க வேண்டுமானால் நம் கண் அவர் கண்ணைவிட அவ்வளவாவது உயரத்தில் இருக்க வேண்டும். சமதரையில் அது நடக்காது. அதனால்தான் முன்வரிசைச் சிறுவர்கள் தரையில் உட்காருகிறார்கள், அடுத்தவர்கள் நாற்காலியில், அதற்கும் பின்னால் இருப்பவர்கள் நிற்கிறார்கள், அவர்களுக்கும் பின்னால் இருப்பவர்கள் டிராக்டரிலும் மதில்சுவரிலும் ஏறிக் கொள்கிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமலே மக்கள் கண்டுபிடித்த படிக்கட்டு இது. பெரிய அரங்கங்களில் இதையே கேலரி என்று சிமெண்டில் கட்டியிருக்கிறார்கள்.

இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. திடலில் நாம் காணும் கூட்டம், பார்க்க விரும்பியவர்களின் எண்ணிக்கை அல்ல. விரும்பி வந்தும் இடம் கிடைக்காமலோ, எட்டிப் பார்த்தும் தெரியாமலோ திரும்பியவர்கள் அந்த எண்ணில் இல்லை.

எண்கள் ஏமாற்றும்

இந்தப் பாடத்தை உலகின் பெரிய அரங்குகளில் ஒன்றில் சோதித்துப் பார்ப்போம். ஆஸ்திரேலியாவில் 'ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து' என்று ஓர் ஆட்டம் உண்டு. முட்டை வடிவப் பந்து, நீள்வட்டத் திடல், ஒரு பக்கத்திற்கு 18 பேர். பந்தை உதைக்கலாம், கையால் குத்தியும் அனுப்பலாம். குளிர்காலம் முழுவதும் ஆடி, இறுதிப் போட்டியை வழக்கமாக மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில் நடத்துவார்கள். அதைக் காண வந்தோரின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் இப்படி இருந்தது:

1970: 1,21,696 பேர்
2019: 1,00,014 பேர்
2020: 29,707 பேர்
2021: 61,118 பேர்
2022: 1,00,024 பேர்

இந்த எண்களை மட்டும் பார்த்தால் என்ன தோன்றும்? 1970க்குப் பிறகு மக்களின் ஆர்வம் குறைந்துவிட்டது, 2020இல் அடியோடு சரிந்தது, பிறகு மீண்டது என்றுதானே? அது தவறு.

1970இல் ஏராளமானோர் நின்றுகொண்டே பார்த்தார்கள். பின்னர் அரங்கம் புதுப்பிக்கப்பட்டு, பெரும்பாலும் இருக்கைகளாக மாறியது. ஆகவே கொள்ளளவு சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தது. ஆர்வம் குறையவில்லை, இடம்தான் குறைந்தது. 2020இல் கொரோனா நோய்த்தொற்றால் மெல்போர்னில் போட்டி நடத்த முடியவில்லை. பிரிஸ்பேன் நகரில், கட்டுப்பாடுகளோடு நடத்தினார்கள். 2021இல் பெர்த் நகரில் நடத்தினார்கள். அந்த அரங்கின் அளவே அவ்வளவுதான்.

நம் சென்னைச் சேப்பாக்கத்திலும் இதே கதைதான். 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துடன் நடந்த முதல் டெஸ்ட் ஆட்டத்தில் பார்வையாளருக்கு அனுமதியே இல்லை. அதே மாதம், அதே திடலில், அதே அணியோடு நடந்த இரண்டாவது டெஸ்டில் பாதி இருக்கைகளுக்கு அனுமதி தரப்பட்டது. முதல் ஆட்டத்தில் கூட்டம் பூஜ்யம் என்பதால் சென்னைக்காரர்களுக்குக் கிரிக்கெட் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியுமா?

ஆகவே ஓர் எண்ணைப் பார்த்ததும் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, "இதற்கு மேல் வர இடம் இருந்ததா, அனுமதி இருந்ததா?" என்பதே.

கூட்டத்தை இழுக்கும் காரணிகள்

இனி, இடம் இருக்கிறது என்றே வைத்துக் கொள்வோம். அப்போது கூட்டத்தைக் கூட்டுபவை எவை, குறைப்பவை எவை?

தூரமும் பயணமும்: தமிழ்நாடு பிரீமியர் லீக் கிரிக்கெட் 2016இல் தொடங்கியது. அதன் ஆட்டங்கள் சென்னையில் மட்டுமல்லாமல் திண்டுக்கல் அருகே நத்தத்திலும், திருநெல்வேலி சங்கர் நகரிலும் நடந்திருக்கின்றன. புளியங்குடி மாணவன் ஒருவனுக்குச் சேப்பாக்கம் போவது இரண்டு நாள் வேலை. சங்கர் நகரோ சுமார் 70 கிலோமீட்டர்தான். ஆனால் ஆட்டம் இரவில் முடிந்தால் திரும்பி வரப் பேருந்து வேண்டுமே! பலர் ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் எழுந்து போவது ஆட்டம் பிடிக்காததனால் அல்ல. கடைசிப் பேருந்தைப் பிடிக்கத்தான்.

நாளும் நேரமும்: சேப்பாக்கத்தில் ஜனவரியில் நடந்த டெஸ்ட் ஆட்டங்களைப் 'பொங்கல் டெஸ்ட்' என்றே சொல்வார்கள். விடுமுறையும் ஆட்டமும் ஒன்றாக வந்தால் கூட்டத்திற்குக் குறைவேது! மெல்போர்னில் கிறிஸ்துமசுக்கு மறுநாள் டெஸ்ட் தொடங்கும் வழக்கமும் இந்தக் கணக்கில்தான் நிலைத்தது. 2013ஆம் ஆண்டு அந்த முதல் நாளில் மட்டும் 91,112 பேர் வந்தார்கள்.

வானிலை: ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே வீசும்போது குற்றாலம், தென்காசிப் பக்கம் சாரல் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. மண் தரையில் ஆடும் கபடிக்கு மழை ஆகாது. கோடையிலோ பகல் வெயில் ஆகாது. ஆகவேதான் மின்விளக்கில் இரவு ஆட்டம் செல்வாக்குப் பெற்றது. ஆஸ்திரேலியக் கால்பந்து குளிர்காலத்து ஆட்டம். மெல்போர்னில் 2000ஆம் ஆண்டில் திறந்த அரங்கம் ஒன்றுக்கு, மழை வந்தால் மூடிக்கொள்ளும் கூரையே அமைத்தார்கள்.

போட்டிக் கவர்ச்சிகள்: குற்றாலத்தில் அருவி கொட்டும்போது ஞாயிற்றுக்கிழமை இளைஞர்கள் அங்கே போய்விடுவார்கள். பக்கத்து ஊரில் அன்றே தேரோட்டம் இருந்தால் அங்கே போவார்கள். ஆட்டத்திற்கு எதிரி மழை மட்டுமல்ல. அதே நேரத்தில் நடக்கும் வேறொரு மகிழ்ச்சியும் எதிரிதான்.

செலவு: நுழைவுச் சீட்டின் விலை மட்டும் செலவு அல்ல. பேருந்துக் கட்டணம், டீ, வடை, இழந்த ஒரு நாள் கூலி எல்லாம் சேர்ந்ததே உண்மையான செலவு. இலவச ஆட்டமானாலும் கூலி வேலைக்குப் போகிறவருக்குப் பகல் ஆட்டம் இலவசம் அல்ல.

ஆடுபவர் யார்: தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994ஆம் ஆண்டு ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர், அர்ஜுனா விருது பெற்றவர். இப்படிப்பட்ட ஒருவர் களமிறங்குகிறார் என்றால் அதற்கென்றே பத்து ஊர்க்காரர்கள் வருவார்கள். அதைவிட வலுவான இழுப்பு ஒன்று உண்டு. அது சொந்தம்! "எங்க தெரு பையன் ஆடுறான்" என்றால் தெருவே வரும்.

பகைமை: விளையாட்டில் பகைமை என்றால் சண்டை அல்ல, தலைமுறை தலைமுறையாக வரும் போட்டி உணர்வு. கொல்கத்தாவின் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் அணிகள் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. 1997 ஜூலை 13 அன்று சால்ட் லேக் அரங்கில் பெடரேஷன் கோப்பை அரையிறுதியில் இரண்டும் மோதின. அன்று கூடியவர்கள் 1,31,781 பேர். பழைய போட்டியும், இறுதிக்குப் போகும் வாய்ப்பும் ஒன்றாகச் சேர்ந்தன.

தொலைக்காட்சி: வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றால் திடலுக்கு யார் வருவார் என்று தோன்றும். அது ஒரு பக்கம். புரோ கபடி லீக் 2014இல் தொடங்கித் தொலைக்காட்சியில் வந்தபோது, கபடி பட்டணத்துப் பிள்ளைகளுக்கும் அறிமுகமாயிற்று. 2017இல் தமிழ் தலைவாஸ் அணியும் அதில் சேர்ந்தது. தொலைக்காட்சி இன்றைய பார்வையாளரை வீட்டில் உட்கார வைக்கிறது. நாளைய பார்வையாளரை உருவாக்கவும் செய்கிறது. இரண்டும் எதிர்த் திசையில் இழுக்கின்றன.

முடிவு தெரிந்த ஆட்டத்தைப் பார்ப்போமா?

இன்னொரு காரணி பொருளியல் அறிஞர்களை நெடுங்காலமாகச் சிந்திக்க வைத்திருக்கிறது. 1956இல் சைமன் ராட்டன்பர்க் என்ற அமெரிக்கப் பொருளியலறிஞர் பேஸ்பால் ஆட்டத்தை ஆராய்ந்து ஒரு கருத்தைச் சொன்னார். இரு அணிகளும் ஏறத்தாழச் சமபலம் உடையனவாக இருந்தால்தான் கூட்டம் வரும். யார் வெல்வார் என்பது முன்பே தெரிந்துவிட்டால் ஆர்வம் குறையும் என்றார்.

நினைத்துப் பார்த்தால் இது விந்தையான வியாபாரம். கடைத்தெருவில் ஒரு கடைக்காரருக்கு எதிர்க்கடை மூடிவிட்டால் கொண்டாட்டம். விளையாட்டிலோ எதிரணி நொடித்துவிட்டால் நம் அணிக்கும் கூட்டம் இல்லை! இதனால்தான் ஆஸ்திரேலியக் கால்பந்திலும் புரோ கபடியிலும் ஒவ்வோர் அணியும் வீரர்களுக்குச் செலவிடும் பணத்திற்கு உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். பணக்கார அணி எல்லா நல்ல வீரரையும் அள்ளிக்கொண்டு போய்விடக் கூடாது என்பதே நோக்கம்.

ஆனால் அறிவியலில் ஒரு கருத்து அழகாக இருந்தால் மட்டும் போதாது. சோதனையில் நிற்க வேண்டும். ஆஸ்திரேலியக் கால்பந்துக் கூட்டத்தைப் பற்றி ஜெஃப் போர்லண்ட் என்ற பொருளியலறிஞர் 1987இலேயே ஆய்வுக் கட்டுரை எழுதினார். அதற்குப் பின் பல நாடுகளில் பல ஆட்டங்களைப் பற்றி ஆய்வுகள் வந்தன. எல்லாம் ஒரே முடிவைச் சொல்லவில்லை. சில ஆய்வுகளில் சமபல ஆட்டத்திற்குக் கூட்டம் கூடியது. சிலவற்றில், சொந்த ஊர் அணி நிச்சயம் வெல்லும் என்று தோன்றிய ஆட்டத்திற்கே கூட்டம் கூடியது. நம் அணி தோற்பதைப் பார்க்கும் வருத்தம், வெல்வதைப் பார்க்கும் மகிழ்ச்சியைவிடப் பெரியது என்பது ஒரு விளக்கம். உங்கள் பள்ளி அணி ஆடும்போது உங்கள் மனம் எதை விரும்புகிறது? இழுபறியையா, எளிய வெற்றியையா? நேர்மையாகச் சொல்லுங்கள்!

ஒன்றை ஒன்றிலிருந்து பிரிப்பது

இத்தனை காரணிகளில் எது எவ்வளவு இழுத்தது என்று கண்டுபிடிப்பது எப்படி? நுணுக்கம் இங்கேதான் இருக்கிறது. எளிதாக விளங்குவதற்காக, நாமே சில எண்களை வைத்துக் கொள்வோம். இவை கணக்குக்காக வைத்தவையே.

வேலை நாள், வெளியூர் அணிகள்: 300 பேர்
வேலை நாள், உள்ளூர் அணி: 600 பேர்
ஞாயிறு, வெளியூர் அணிகள்: 450 பேர்
ஞாயிறு, உள்ளூர் அணி: 900 பேர்

முதல் வரியையும் கடைசி வரியையும் மட்டும் பார்த்தவர், "ஞாயிற்றுக்கிழமை என்றால் கூட்டம் மூன்று மடங்கு" என்பார். இன்னொருவர், "உள்ளூர் அணி ஆடினால் மூன்று மடங்கு" என்பார். இருவரும் தவறு. ஏனெனில் இரண்டு காரணிகள் ஒரே நேரத்தில் மாறிவிட்டன.

சரியான வழி, மற்றதை மாற்றாமல் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது. முதல் வரியையும் இரண்டாவது வரியையும் ஒப்பிடுங்கள். நாள் ஒன்றே, அணி மட்டும் மாறுகிறது. கூட்டம் 2 மடங்கு. முதல் வரியையும் மூன்றாவது வரியையும் ஒப்பிடுங்கள். அணிகள் ஒரே வகை. நாள் மட்டும் மாறுகிறது. கூட்டம் ஒன்றரை மடங்கு. இரண்டும் சேர்ந்தால்? 2 × 1½ = 3 மடங்கு. கடைசி வரி அதைத்தான் காட்டுகிறது. நமது எடுத்துக்காட்டில் காரணிகள் கூட்டல் கணக்காக அல்ல, பெருக்கல் கணக்காக வேலை செய்கின்றன.

ஆய்வகத்தில் நீங்கள் தாவரத்திற்கு ஒளி வேண்டுமா என்று சோதிக்கும்போது என்ன செய்கிறீர்கள்? இரண்டு தொட்டிக்கும் ஒரே மண், ஒரே தண்ணீர் கொடுத்து, ஒன்றை வெயிலிலும் மற்றதை இருட்டிலும் வைக்கிறீர்கள். அதே விதிதான் இங்கேயும்.

மீண்டும் அந்த விழாக் குழு

இப்போது நாம் தொடங்கிய இடத்திற்கு வருவோம். "பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வராது" என்றார் அல்லவா? அவரிடம் நாம் சில கேள்விகள் கேட்போம்.

பெண்கள் ஆட்டம் எத்தனை மணிக்கு நடந்தது? "மத்தியானம் மூன்று மணிக்கு." ஆண்கள் ஆட்டம்? "ராத்திரி எட்டு மணிக்கு, விளக்குப் போட்டு." பெண்கள் ஆட்டம் எந்த நாள்? "வெள்ளிக்கிழமை." ஆண்கள் ஆட்டம்? "சனி, ஞாயிறு." பெண்கள் ஆட்டத்துக்குச் சுவரொட்டி ஒட்டினீர்களா? "ஆண்கள் போட்டிக்குத்தான் ஒட்டினோம்; அதிலேயே கீழே ஒரு வரி போட்டோம்." உள்ளூர்ப் பள்ளி மாணவிகள் ஆடினார்களா? "இல்லை, வெளியூர் அணிகள்."

பார்த்தீர்களா! வெயில், வேலை நாள், விளம்பரம் இல்லாமை, வெளியூர் அணி என்று கூட்டத்தைக் குறைக்கும் நான்கு காரணிகளும் பெண்கள் ஆட்டத்தின் பக்கமே சேர்ந்து நிற்கின்றன. கூட்டம் குறைந்ததற்கு ஆடியவர்கள் பெண்கள் என்பதுதான் காரணம் என்று எப்படிச் சொல்ல முடியும்? அவர் இரண்டு தொட்டிகளில் ஒன்றுக்குத் தண்ணீரும் ஊற்றாமல், வெயிலிலும் வைக்காமல், "இந்த விதை மட்டம்" என்கிறார்.

சரித்திரம் என்ன சொல்கிறது? 1920 டிசம்பரில் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் நடந்த பெண்கள் கால்பந்து ஆட்டம் ஒன்றுக்கு 53,000 பேர் வந்தார்கள். மறு ஆண்டே அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்பினர்களின் திடல்களில் பெண்கள் ஆடக் கூடாது என்று தடை விதித்தது. அந்தத் தடை சுமார் ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. அதற்குப் பின்பு, "பெண்கள் ஆட்டத்தை யார் பார்க்கிறார்கள்?" என்று கேட்டார்கள்!

ஆஸ்திரேலியக் கால்பந்தில் பெண்களுக்கான தேசிய லீக் 2017 பிப்ரவரி 3 அன்று மெல்போர்னில் தொடங்கியது. வெள்ளிக்கிழமை மாலை, விளக்கொளியில், நன்கு விளம்பரம் செய்து, இலவச அனுமதியோடு, பழைய போட்டி அணிகளான கார்ல்டனும் காலிங்வுட்டும் மோதின. 24,568 பேர் உள்ளே வந்ததும் வாயிற்கதவுகளை மூட வேண்டியதாயிற்று. பலர் வெளியே நின்றார்கள். 2020 மார்ச் 8 அன்று மெல்போர்னில் நடந்த பெண்கள் இருபது ஓவர் உலகக் கோப்பை இறுதியில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடியதைக் காண 86,174 பேர் வந்தார்கள். அது ஞாயிற்றுக்கிழமை, மாலை நேரம்.

நம் நாட்டுக் கபடி மாணவிகளும் குறைந்தவர்கள் அல்லர். 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியாவின் ஆண், பெண் கபடி அணிகள் இரண்டுமே தங்கம் வென்றன. அந்தப் பெண்கள் அணியில் சென்னைக் கண்ணகி நகரைச் சேர்ந்த கார்த்திகாவும் ஆடினார். தவறான கணக்கை நம்பி ஒரு விழாக் குழு பெண்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டால், அந்த ஊரிலிருந்து அடுத்த வீராங்கனை எப்படி வருவார்?

கணக்குத் தவறினால் உயிரும் போகும்

கூட்டத்தை முன்கூட்டியே கணிப்பது, குடிதண்ணீரும் நாற்காலியும் எத்தனை வேண்டும் என்பதற்கு மட்டுமல்ல. 1980 ஆகஸ்ட் 16 அன்று கொல்கத்தா ஈடன் கார்டனில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்தின்போது ஏற்பட்ட கலவரத்திலும் நெரிசலிலும் 16 இரசிகர்கள் இறந்தார்கள். 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கத்தின் வெளியே, ஐ.பி.எல். வெற்றி விழாவைக் காணத் திரண்டவர்களின் நெரிசலில் 11 பேர் இறந்தார்கள்.

ஒரு சதுர மீட்டரில் இரண்டு மூன்று பேர் நின்றால் ஒருவரையொருவர் விலகிப் போகலாம். ஐந்து பேருக்கு மேல் போனால் ஆபத்து தொடங்குகிறது. ஆறு ஏழு பேர் என்றால் அவரவர் விருப்பப்படி நகர முடியாது. கூட்டம் நீர்போல அலை அலையாக அசையும். விழுந்தவர் எழ முடியாது. நின்றவரும் மூச்சுவிட முடியாது.

வழியின் அகலத்தையும் கணக்கிடலாம். சமதரையில் ஒரு மீட்டர் அகல வழியில் ஒரு நிமிடத்திற்கு அதிகமாகப் போனால் சுமார் 80 பேர் வெளியேற முடியும். நம் கபடித் திடலில் 1,900 பேர். ஒன்றரை மீட்டர் அகலத்தில் இரண்டு வழிகள் என்றால், நிமிடத்திற்கு 240 பேர். வெளியேற ஏறத்தாழ 8 நிமிடம். ஒரு வழியில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தி அடைத்துவிட்டால்? 16 நிமிடம்! மின்சாரம் நின்று இருட்டாகிவிட்டால் அந்தப் பதினாறு நிமிடம் எவ்வளவு நீளமானது என்று எண்ணிப் பாருங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

அடுத்து உங்கள் ஊரில் போட்டி நடக்கும்போது நண்பர்கள் நால்வர் சேர்ந்து ஒரு குறிப்பேடு எடுத்துக் கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆட்டத்திற்கும் இவற்றை எழுதுங்கள்: நாள், தொடங்கிய நேரம், மழையா வெயிலா, ஆடிய அணிகள் உள்ளூரா வெளியூரா, ஆண்களா பெண்களா, அன்று பக்கத்தில் வேறு விழா உண்டா, புள்ளி வித்தியாசம் எவ்வளவு. ஆட்டத்தின் நடுவில் ஒருவர் ஒரு பக்கத்தில் அமர்ந்தவர்களை வரிசைவாரியாக எண்ணட்டும். மூன்று இடங்களில் இரண்டு மீட்டர் சதுரம் அளந்து, அதில் நிற்பவர்களை எண்ணிச் சராசரி காணுங்கள். பெருக்கினால் கூட்டம் கிடைக்கும். இருவர் தனித்தனியே எண்ணி ஒப்பிட்டால் பிழை எவ்வளவு என்றும் தெரியும்.

இருபது ஆட்டங்கள் சேர்ந்ததும், ஒரே ஒரு காரணி மட்டும் மாறியுள்ள இணைகளைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம். அதுவும் ஒரு கண்டுபிடிப்புதான். உங்கள் ஊரில் பெண்கள் ஆட்டம் ஒருமுறைகூட இரவு விளக்கொளியில் நடந்ததில்லை என்று உங்கள் குறிப்பேடு காட்டலாம்.

அப்படியானால், அந்தக் குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு விழாக் குழுவிடம் போங்கள். "அண்ணாச்சி, ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு நம்ம ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஆட்டத்தை ஒரு தடவை வச்சுப் பாருங்க. அப்புறம் கூட்டம் வருமா வராதான்னு முடிவு பண்ணுங்க" என்று கேளுங்கள். கேட்கும்போது இன்னொன்றையும் மறவாமல் சொல்லுங்கள்: இரண்டு வழிகளும் திறந்திருக்கட்டும்!